விலக்கியது மார்க்கமா, மரபா?



இசுலாமியர் சில உணவுகளையும் பானங்களையும் விலக்குவதற்குப் பெரிதும் காரணம் மார்க்கமா, மரபா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார். "எல்லாம் மார்க்கம், மார்க்கம், மார்க்கம்" என்று மூன்று தடவை மேசையைத் தட்டினார், போய் உட்கார்ந்துவிட்டார். ஐயா, மேசை தாங்கும். வாதம் தாங்குமா? (சிரிப்பு)

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். திருக்குர்ஆன் வெளிப்படையாகப் பெயர் சொல்லி விலக்கியவை உண்டு. தானாகச் செத்த பிராணி, இரத்தம், பன்றி இறைச்சி, இறைவனல்லாத பெயரால் அறுக்கப்பட்டது. அப்புறம் மது. இவை மார்க்கம். இதில் நான் வம்புக்கு வரவில்லை. அந்த விலக்கிலும் ஒரு கருணை இருக்கிறது, பாருங்கள். பசியால் உயிர் போகிறது, வேறு வழியே இல்லை என்றால், வரம்பு மீறாமல் உண்பது குற்றமில்லை என்று அந்த வேதமே சொல்லிவிடுகிறது.

சரி, இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவை? அங்கேதான் நம்முடைய வழக்கே ஆரம்பமாகிறது.

பல வருஷங்களுக்கு முன்னால் இதே திருநகரில் என் வீட்டில் ஒரு விருந்து. என்னோடு பணியாற்றிய இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். இருவரும் முஸ்லிம்கள். ஒருவர் உத்தமபாளையத்து இராவுத்தர். இன்னொருவர் கீழக்கரைக்காரர். என் வீட்டம்மா ஆசையாக நண்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். கீழக்கரைக்காரர் நண்டுக் காலை உடைக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. உத்தமபாளையத்துக்காரரோ குழம்பைத் தொடாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

"ஏன் பாய், குழம்பு நல்லா இல்லையா?"

"அப்படியெல்லாம் இல்ல மதினி. எங்க வீட்ல நண்டு சாப்பிட மாட்டோம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். பேராசிரியன் ஆச்சே, வாய் சும்மா இருக்குமா? "அவரும் முஸ்லிம்தானே? அவர் சாப்பிடுறாரே!" என்று கேட்டுவிட்டேன். சட்டென்று பந்தியில் ஒரு மௌனம். கீழக்கரைக்காரர் கையிலிருந்த நண்டை இலையில் வைத்துவிட்டார். சோறு போட உட்காரவைத்து, 'உங்களில் யார் உண்மையான முஸ்லிம்?' என்று பரீட்சை வைத்த பாவி ஆகிவிட்டேன் நான்!

உத்தமபாளையத்துக்காரர்தான் அந்த மௌனத்தைக் கலைத்தார். "ஐயா, இவர் சாப்பிடுறதும் சரி, நான் சாப்பிடாததும் சரி. இவங்க ஷாஃபி, நாங்க ஹனஃபி" என்றார். இரண்டும் மார்க்கச் சட்டத்தை விளக்கும் வழிகள். ஷாஃபி வழியில் கடல் பிராணிகளில் பெரும்பாலானவை ஆகும். ஹனஃபி வழியில் மீன் மட்டுந்தான் ஆகும், நண்டு ஆகாது. இறால் மீனா, இல்லையா? அதற்கு ஆலிம்களுக்குள்ளேயே ஒரு பட்டிமண்டபம் நடக்கிறது! (சிரிப்பு)

எதிரணி நண்பர் துள்ளி எழுகிறார், "பார்த்தீர்களா, அதுவும் மார்க்கச் சட்டந்தானே?" என்று. உட்காருங்கள் ஐயா. யாருக்கு எந்த வழி என்று பிரித்தது எது? காயல்பட்டினம், கீழக்கரை என்று கப்பல் வந்த கரையெல்லாம் அரபு வணிகர் தொடர்பில் பெரும்பாலும் ஷாஃபி வழி. குதிரையோடு தொடர்புள்ள இராவுத்தர்கள் வாழும் உள்நாட்டிலே பெரும்பாலும் ஹனஃபி வழி. வேதம் ஒன்று, தொழுகை ஒன்று. இலையில் நண்டு இருக்கலாமா என்று முடிவு செய்தது பாட்டன் பிறந்த ஊரய்யா!

அன்றைக்கு அந்த நண்பர் இன்னொரு செய்தியும் சொன்னார். நபிகள் நாயகம் அவர்கள் முன்னால் சுட்ட உடும்புக் கறி வைக்கப்பட்டது. என்னவென்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த காலித் பின் வலீத் கேட்டார், இது விலக்கப்பட்டதா என்று. இல்லை, இது எங்கள் ஊர்ப் பக்கத்தில் கிடையாது, அதனால் எனக்குப் பிடிக்கவில்லை என்பது நாயகத்தின் பதில். காலித் அதைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார். நாயகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தடுக்கவில்லை. ஹதீஸ் தொகுப்பான புகாரியில் உள்ள செய்தி இது.

நடுவர் அவர்களே, இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? 'எனக்குப் பிடிக்காது' என்பது வேறு, 'மார்க்கத்தில் கூடாது' என்பது வேறு. இரண்டையும் நாயகமே பிரித்துக் காட்டிவிட்டார்களே!

பானத்துக்கு வருகிறேன். காப்பி! ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவெல்லாம் விழித்திருந்து இறைவனை நினைக்கக் குடித்தது. ஆனால் 1511ஆம் ஆண்டு மெக்காவில் கைர் பேக் என்ற அதிகாரி அதற்குத் தடை போட்டார். 'கஹ்வா' என்ற சொல் முன்பு மதுவையும் குறித்தது. போதாததற்குக் காப்பி குடிக்கக் கூடிய கூட்டத்தைப் பார்த்தும் பயம். கெய்ரோவின் ஆட்சி அந்தத் தடையை ஏற்கவில்லை. இன்றைக்கு அரபு நாட்டில் விருந்தாளிக்கு முதல் மரியாதையே காப்பிதான்! வேதம் மாறவில்லை ஐயா, ஊரின் பழக்கம் மாறியது.

இன்னொன்று. மதுவும் விலக்கு, பன்றியும் விலக்கு. எல்லா மதத்திலும் வழி சறுக்குகிறவர்கள் உண்டு. அப்படித் தப்பித் தவறி மதுவைத் தொட்டுவிட்ட ஆள்கூடப் பன்றி இறைச்சி என்றால் பத்தடி தள்ளி நிற்பார். இரண்டுக்கும் விதி ஒன்றுதானே? அந்தக் குமட்டல் எங்கிருந்து வந்தது? அம்மா வளர்த்த அடுப்படியிலிருந்து வந்தது!

நாம் மட்டும் என்ன? வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம், புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரம் எழுதினார். கள்ளைத் தொடாதவர்களைக் கேளுங்கள், 'வள்ளுவரே சொல்லியிருக்கிறார்' என்பார்கள். அவர்களே ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குவாளியோடு கறிக்கடையில் நிற்பார்கள். (சிரிப்பு) நூலில் இருப்பதில் எதைப் பிடித்துக்கொள்வது என்பதை வீடுதான் தீர்மானிக்கிறது.

ஆகவே, நடுவர் அவர்களே, மார்க்கம் விலக்கியது விரல்விட்டு எண்ணக்கூடியது. மீதியை ஊரும் உறவும் அடுப்படியும் விலக்கின. இது தெரியாமல் பெயரைக் கேட்டவுடனே 'இவர்கள் இதைச் சாப்பிடுவார்கள், அதைச் சாப்பிட மாட்டார்கள்' என்று நாமாக முடிவு கட்டுகிறோம். வீடு வாடகைக்குக் கொடுக்கும்போதுகூட அந்தக் கணக்கைப் போடுகிறோம். அது நியாயமா?

இப்போது என் வீட்டம்மா விருந்துக்கு முதல் நாளே கேட்டுவிடுகிறார்கள், "உங்களுக்கு என்ன ஆகும், என்ன ஆகாது?" என்று. காரணம் மட்டும் கேட்பதில்லை. அந்த இரண்டு நண்பர்களும் இன்றைக்கும் எங்கள் வீட்டில் கை நனைக்கிறார்கள். ஒருவருக்கு நண்டு, ஒருவருக்கு அயிரை மீன். பந்தி ஒன்றுதான்!

விலக்கியவை பலவற்றுக்கும் காரணம் மரபே என்று தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.