முகவீணை கற்க ஒருநாள் போதாது

கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடுவதும், கட்டியக்காரன் வாய் கொடுப்பதும், ஆட்டம் விடிய விடியப் போவதும் உங்களுக்குத் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது எங்கு பார்த்தாலும் ஒருநாள் கூத்துப் பட்டறை. காலையில் நாலு அடவு, சாயங்காலம் அரிதாரம் பூசிப் படம் எடுத்துக்கொள்வது, அதோடு சரி. மிருதங்கம் வாசிக்க என்னையும் கூப்பிடுகிறார்கள். போகிறேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. கலைஞனையும் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து வைப்பது வருஷம் முழுக்க நடக்க வேண்டிய வேலை. மறுபடியும் சொல்கிறேன், வருஷம் முழுக்க.

ஏன் என்று கேட்டால் முகவீணையைத்தான் காட்டுவேன். ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும் குழல். நாகசுரத்துக்குத் தம்பி மாதிரி, சீவாளி வைத்து ஊதுவது. ஆனால் அதன் குரல் மிருதங்கம், டோலக், தாளம் எல்லாவற்றையும் தாண்டி அடுத்த தெருவில் படுத்திருப்பவரையும் எழுப்பும். வேஷக்காரர் உச்சத்தில் ஒரு அடி பாடி நிறுத்துவார். அதே அடியை முகவீணை வாங்கிக்கொள்ளும். அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்குகிறார், ஆடுகிறார், அடுத்த அடிக்குத் தயாராகிறார். முகவீணை இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். பல ஜமாக்களில் இன்று ஆர்மோனியத்தை வைத்தே சமாளிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

வாலிப வயதில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கர்ண மோட்சத்துக்கு வாசித்தேன். பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டம். பெரியவர் சீவாளியை வாயில் ஊறவைத்தபடி வேஷக்காரரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்ணன் அன்றைக்குப் பாட்டை ஒரு சுற்று நீட்டிவிட்டார். நான் தடுமாறினேன், பெரியவர் தடுமாறவில்லை. விடிந்ததும் சொன்னார்: "பாட்டை மட்டும் கேட்டா பத்தாது தம்பி, அவன் மூச்சக் கேளு."

அடுத்தவர் மூச்சைக் கேட்கும் காது ஒருநாள் பட்டறையில் வராது. வரவே வராது. ஒரே ஜமாவோடு பல இரவுகள் உட்கார வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர் பெருங்கட்டூர் ராஜகோபால். படிப்பை விட்டுவிட்டுப் பத்து வயதில் கூத்துக்கு வந்தவர். கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து 1990-ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்து சங்கம் கண்டபோது முன்னால் நின்றார். 2002-ல் அவரும் அவர் துணைவியார், ஆய்வாளர் ஹன்னா டி ப்ரூயினும் பக்கத்துக் கிராமமான புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்தத் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்தில். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பாடினார்கள், ஆடினார்கள், வாத்தியம் பழகினார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ராஜவேஷம் ஏறினார்கள். அது பெரிய காரியம். என் கணக்கில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. 2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

அதே அளவில் இன்னொன்று எழும்ப நாளாகும். ஆனால் ஒரு ஊரில் சின்னதாகத் தொடங்கலாம். மழைக்காலத்தில் ஆட்டம் குறைவு. அப்போது வாத்தியப் பயிற்சி. கல்யாண முருங்கைக் கட்டை எடை குறைவு. அதைச் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டிக் கிரீடம் செய்ய ஊர்ப் பெரியவர்களும் பிள்ளைகளோடு உட்காரலாம். பங்குனி பிறந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. பிள்ளைகளை ஜமாவோடு அனுப்புங்கள், முகவீணைக்காரர் பக்கத்தில் உட்காரட்டும்.

இந்த ஆண்டு பட்டறை நடத்தப் பணம் ஒதுக்கியிருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்தப் பணத்தில் ஒரு முகவீணைக் கலைஞருக்கு மாதச் சம்பளம் பேசுங்கள். ஓர் ஆண்டுக்குப் பேசுங்கள். மூன்று பிள்ளைகள் கிடைத்தால் போதும். மிருதங்கத்துக்கு நான் வருகிறேன், எனக்குக் கூலி வேண்டாம்.