வேடமணிந்து ஓடும் முன்னே

(மும்பை மாரத்தானில் கலந்துகொள்ளும் சபை வாலிபருக்கான ஜெபக்கூட்டத்தில், அவர்களோடு செல்லும் மூத்த தம்பதியர் பகிர்ந்துகொண்ட உரை)



வருகிற ஞாயிறு காலையில் நாங்கள் இருவரும் உங்களோடு சாலையில் இறங்குகிறோம். எங்களில் ஒருவருக்கு வயது 71, மற்றவருக்கு 68. ஒருவர் ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவர். மற்றவர் மிஷன் மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் நர்ஸாகப் பணிசெய்தவர். "ஐயாவும் அம்மாவும் தைரியமாக வருகிறார்கள்" என்று எல்லாரும் சொல்லுகிறீர்கள். உண்மையைச் சொன்னால், சந்தோஷம் பாதி, தயக்கம் பாதியாகத்தான் நிற்கிறோம். அதை மறைக்காமல் சொல்லி, உங்கள் ஜெபத்தைக் கேட்கவே வந்தோம்.

இந்த ஓட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மும்பை மாரத்தான் 2004-ம் ஆண்டு தொடங்கியது. கொரோனாவினால் 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகள் நின்றதைத் தவிர, ஜனவரி மாதத்தில் நடந்து வருகிறது. முழு மாரத்தான் 42 கிலோமீட்டருக்கும் அதிகம். அது நம்மால் ஆகாது. அதோடு 'ட்ரீம் ரன்' என்று ஒரு சிறிய ஓட்டம் உண்டு. ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். இதில் முந்துகிறவர் யார் என்ற கேள்வியே இல்லை. நடக்கலாம், ஓடலாம். பலர் வேடமணிந்து, அட்டைகளைப் பிடித்துக்கொண்டு, தாங்கள் தாங்கும் நற்காரியத்துக்காக நிதி திரட்டுகிறார்கள். நமது வாலிபரும் மருத்துவமனையின் ஏழை நோயாளிகளுக்காகவே போகிறார்கள். மூத்தோருக்குத் தனி ஓட்டம் இருந்தும், பிள்ளைகளோடு போகவே எங்களுக்கு ஆசை.

எங்கள் முதல் பயம் சரீரத்தைப் பற்றியது. முழங்கால் வலி ஒருவருக்கு, இரத்த அழுத்தம் ஒருவருக்கு. மருத்துவரிடம் காண்பித்தோம். "நடந்து போங்கள், ஓட வேண்டாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம், நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள்" என்றார். இரண்டு மாதமாகக் காலையில் நடந்து பழகியிருக்கிறோம். ஃபௌஜா சிங் என்ற பஞ்சாபியப் பெரியவர் 89 வயதில் தம் முதல் மாரத்தானை ஓடினார் என்று பிள்ளைகள் உற்சாகப்படுத்தினார்கள். கேட்கச் சந்தோஷமே. ஆனால் எங்கள் அளவு எங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது தயக்கம் ஓய்வுநாளைப் பற்றியது. ஞாயிறு காலையில் ஆலயத்தில் இல்லாமல் சாலையில் இருப்பதா? எரிக் லிடெல் என்ற ஸ்காட்லாந்து வாலிபரை நாம் அறிவோம். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிறன்று வந்தபடியால் அவர் அதில் ஓடவில்லை. வேறொரு நாளில் 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். பின்பு சீனாவில் மிஷனெரியாக ஊழியஞ்செய்து, 1945-ல் யுத்தகால முகாமில் மரித்தார். அவரிடம் கேட்டால் எங்களுக்குச் சம்மதம் கொடுத்திருப்பாரோ என்னவோ! ஆனாலும் பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீயை ஆண்டவர் ஓய்வுநாளிலேயே நிமிர்த்தினார் என்று லூக்கா 13-ல் வாசிக்கிறோம். ஜெபித்து, மாலை ஆராதனைக்குத் தவறாமல் வருவதென்று தீர்மானித்தோம். மனச்சாட்சியினிமித்தம் வராமலிருக்கிறவர்களை யாரும் குறைவாக எண்ணவேண்டாம்.

மூன்றாவது, வேடம். இதுதான் எங்களை இராத்திரியில் தூங்கவொட்டாமல் செய்தது.

மாற்கு 2-ம் அதிகாரத்தில் நான்கு பேர் திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு சுமந்து வருகிறார்கள் அல்லவா? வாலிபர் அட்டையிலும் துணியிலும் ஒரு கட்டில் செய்து, நால்வராய்ச் சுமக்கத் திட்டமிட்டார்கள். "ஐயா, நீங்கள் கட்டுப்போட்டுக்கொண்டு நோயாளியாக வாருங்கள், அம்மா, நீங்கள் நர்ஸாக வாருங்கள்" என்றார்கள். அன்போடுதான் கேட்டார்கள். எங்களுக்கோ மனம் ஒப்பவில்லை.

நோயாளி என்பவர் வேடமல்ல. பொய்க்கட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடி கையசைத்தால், மெய்யாகவே வேதனைப்படுகிறவர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து என்ன நினைப்பார்? நர்ஸ் உடையும் அப்படியே. அந்த வெள்ளைச் சேலை ஓய்வுபெற்ற நாளில் மடித்துப் பெட்டிக்குள் வைத்தது. அதை உடுத்திக்கொண்டு எத்தனையோ பேரின் கண்களை மூடியிருக்கிறோம், எத்தனையோ குழந்தைகளைக் கையில் ஏந்தியிருக்கிறோம். அதை வேடிக்கைக்கு உடுத்தலாமா?

இதை வாலிபரிடம் சொன்னோம். அவர்கள் வருத்தப்படவில்லை. கூடி உட்கார்ந்து பேசினோம். முடிவில், கட்டில் வெறுமையாகவே போகட்டும் என்று தீர்மானமாயிற்று.

வெறுங்கட்டில் என்றதும் எங்கள் மனதில் இரண்டு காட்சிகள் வந்தன. ஒன்று, சுகமாகித் தன் படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்துபோனவனுடைய கட்டில். மற்றொன்று, கையிலிருந்த காசு தீர்ந்துபோனதால் பாதிச் சிகிச்சையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவருடைய கட்டில். வார்டில் வேலைசெய்தவர்கள் இரண்டையும் பார்த்திருக்கிறார்கள். காலையில் விரிப்பு மாற்றப் போகும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டாவது கட்டில் இராதபடிக்கே நமது மருத்துவமனையும், அதைத் தாங்குகிற உங்கள் காணிக்கையும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு ஊழியத்தைத் தொடங்கினார்கள். ஒரு படுக்கை அற்பமானதல்ல.

அதற்குப் பின்புதான் வெள்ளைச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்தோம். அந்தக் கட்டிலின் அருகே நடப்பதானால் அது வேடமல்ல, சாட்சி என்று மனம் அமர்ந்தது. மற்றவருக்குப் பழங்காலத்துக் கம்பவுண்டர் உடை: வெள்ளைக் கோட்டும், கையில் மிக்சர் பாட்டிலும். இது வேடமேதான்! பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்த வயதில் இது நமக்குத் தேவையா, நாலுபேர் என்ன சொல்லுவார்கள் என்ற கூச்சம் இன்னும் முழுவதும் போகவில்லை. ஆனால் லூக்கா 15-ல் கெட்டகுமாரனுடைய தகப்பனைப் பாருங்கள். பெரிய மனுஷர், வேலைக்காரர் உள்ளவர். மகன் தூரத்தில் வரும்போதே ஓடினார். ஊரார் பார்ப்பார்களே என்று நிற்கவில்லை. வருகிறவனுக்கு அவர் வேண்டியதாயிருந்தது. நாங்கள் ஓடப்போவதில்லை, நடக்கிறோம். காரணம் ஒன்றே.

எங்களுக்காக மூன்று காரியங்களில் ஜெபியுங்கள். யாருக்கும் விபத்தின்றி எல்லாரும் வீடு திரும்பவேண்டும். பார்க்கிறவர்கள் எங்களை அல்ல, அந்தக் கட்டிலை நினைக்கவேண்டும். காசில்லாமல் யாரும் பாதியில் எழுந்துபோகாதபடிக்கு நிதி சேரவேண்டும். வழியில் எங்களால் முடியாமற்போனால் ஓரமாக உட்கார்ந்துவிடுவோம். கட்டிலைச் சுமக்கிறவர்கள் நில்லாமல் போகட்டும். நீங்கள் கொடுக்கும் காணிக்கை சிறிதானாலும், அது ஒரு நோயாளிக்கு இன்னும் ஒரு நாள் மருந்தாகும்.

கர்த்தர் தாமே உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.