கணினிக்குக் கண் இல்லை

 

பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையைப் பற்றிப் பேச வல்லோர் பலர் இவ்வரங்கில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் இவ்வுரை கவிதையை அவர்களிடம் விட்டுவிட்டு, கவிதை குடியிருக்கும் வீட்டைப் பற்றிப் பேச முற்படுகின்றது. அவ்வீடு ஒரு காலத்தில் பனையோலையாக இருந்தது, பின்னர்த் தாளாயிற்று, இன்று கணினியாகவும் கைப்பேசியாகவும் விளங்குகின்றது. வீடு மாறும்போது சாமான்கள் சில தொலைவது உலகியல்பு. தொலைந்தது பாத்திரமா, பாட்டா என்பதே இங்குக் கேட்கத்தக்க கேள்வி.

கணினி பேரறிவு உடையது என்பது ஒரு கட்சி. சொன்னதைச் செய்யும் கிளிப்பிள்ளை என்பது எதிர்க்கட்சி. பட்டிமன்றத்திற்கு இரண்டும் நல்ல அணிகள். ஆனால் தமிழ் எழுதுவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி வேறு. கணினிக்குக் கண் இல்லை என்பதே அது. படத்திலிருந்து எழுத்தை உணரும் கருவிகள் இன்று உண்டு என்பது உண்மையே. எனினும், தட்டச்சிட்ட கோப்பு ஒன்றைத் திறக்கும் கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எண்களையே அறிகின்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். அவ்வெண்ணுக்கு உரிய உருவத்தைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு என்னும் ஒப்பனைக்காரர். இச்சிறு செய்தியை மறந்ததால் தமிழர் பட்ட பாடுகள் சிரிப்புக்கும் உரியவை, சிந்தனைக்கும் உரியவை.

வேடம் கட்டிய எழுத்துகள்

கணினியில் தமிழ் ஏறத் தொடங்கிய காலத்தில் தமிழுக்கெனத் தனி எண்கள் பொதுவழக்கில் இல்லை. எனவே ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்துகளை அமர்த்தினர். பாமினி என்னும் எழுத்துருவைப் பலரும் அறிவர். அதில் ‘தமிழ்’ என்று எழுதினால் திரையில் தமிழ் ஒளிரும். கணினியின் வயிற்றுக்குள்ளோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே கிடக்கும். எழுத்துரு உள்ளவரை அர்ச்சுனன் வேடம்; எழுத்துருவை நீக்கினால் வேடம் கலைந்த கூத்தர். காதலைப் பாடிய கவிதை ஒன்றை மின்னஞ்சலில் பெற்ற நண்பர், அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் சதவீதக் குறியும் விரவிய பக்கத்தைக் கண்டு, புதுக்கவிதை இவ்வளவு தூரம் வந்துவிட்டதா எனத் திகைப்பது அன்று இயல்பாக இருந்தது.

எழுத்துரு ஒன்றாயிருந்தால் இத்துன்பம் ஓரளவு தீர்ந்திருக்கும். அச்சகத்துக்கு ஒன்று, இதழுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என அவை பெருகின. இணையத்தில் இதழ் படிக்க விரும்பியவர் முதலில் அவ்விதழின் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் செருப்பு அணிந்துதான் நுழைய வேண்டும் என்பது போன்ற விருந்தோம்பல் அது. நோய் தீர்க்க மருத்துவர் பலர் முன்வந்தனர். இணையவழிக் கலந்துரையாடலில் ‘டிஸ்கி’ பிறந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் ‘தாம்’, ‘தாப்’ என இரு முறைகள் பிறந்தன. நோய் ஒன்று, மருந்து மூன்று, மூன்றையும் ஒருசேர உண்ண இயலாது என்பதே நோயாளியின் நிலை. இறுதியில் நிலைத்தது, உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. வீட்டுக் கணினிகள் அவ்விடத்தைக் கண்டுகொள்ள ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின.

இவ்வரலாற்றில் கவிஞர்கள் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் நான்மொழிக் கவிதைகளுக்கான இணையதளம் தொடங்கப்பட்டபோது தமிழ்க் கவிதைகளும் அதில் இடம்பெற்றன. அதற்குப் பின்னின்று உழைத்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. தமிழ் இணையத்தில் அடியெடுத்து வைத்தபோது அதன் கையில் கவிதை இருந்தது.

உயிரைப் பறிக்கும் புள்ளி

ஒருங்குறி வந்ததும் இலக்கணத்தாருக்கும் கணினிக்கும் ஒரு சிறு வழக்கு மூண்டது. மெய் உடல், உயிர் அதனோடு சேர உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழ் இலக்கண மரபு. கணினியின் மரபு தலைகீழ். அதற்குக் ககர உயிர்மெய்யே முதற்பொருள். அதன் தலையில் ஒரு புள்ளியை வைத்து உயிரைப் பறித்தால்தான் ககர மெய் கிடைக்கும். தொல்காப்பியர் உடலுக்கு உயிர் கொடுத்தார். கணினி உயிருள்ளதைப் பிடித்து உடலாக்குகின்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும் என்று வாதிட்டவர்களின் முயற்சியால் ‘டேஸ்’ என்னும் 16 துணுக்கு முறை உருவாயிற்று. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்றது. நாள்தோறும் கைப்பேசியில் புழங்குவது ஒருங்குறியே.

இதன் விளைவாக எழுத்தெண்ணிப் பாடும் புலவர்க்கும் கணினிக்கும் கணக்கு ஒத்துவருவதில்லை. ‘நட்பு’ என்பதில் எழுத்து மூன்று எனத் தொடக்கப்பள்ளி மாணவரும் சொல்வர். புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு அது ஐந்து. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்துகள். யாப்பிலக்கணம் இரக்கத்தோடு தள்ளுபடி செய்த ஒற்றினைக் கைப்பேசி நிறுவனம் தள்ளுபடி செய்வதில்லை. ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறிகளையே கொள்ளும். ஆகவே ஒரு கட்டளைக் கலித்துறையை நண்பருக்கு அனுப்பக் குறைந்தது இரண்டு குறுஞ்செய்திகள் தேவை. மரபுக் கவிதை அருகியமைக்குக் காரணம் தேடும் ஆய்வாளர் இதனையும் குறித்துக்கொள்ளலாம்.

பின்னழிப்பு விசையின் செயலும் சுவையானது. ‘கவிதை’ என்று எழுதி அவ்விசையை ஒருமுறை தட்டினால், பெரும்பாலான கருவிகளில் ஐகாரக் குறி மட்டுமே மறையும். திரையில் ‘கவித’ என்று நிற்கும். செந்தமிழைக் கொச்சையாக்க ஒரு தட்டு போதும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஔவையாரைக் காணவில்லை

இனிச் சிரிப்பைச் சற்றே ஒதுக்கி நோக்க வேண்டிய இடம் வருகின்றது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஔகாரத்தை அடிக்க, ஒகரத்தை அடித்து அதனை அடுத்து ளகரத்தை அடிப்பது வழக்கம். தாளில் படிப்பவருக்குக் கண் உண்டு. அவர் அவ்விரண்டையும் சேர்த்து ஔகாரம் எனக் கொள்வார். கணினிக்கு வந்த பின்னும் விரல்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. விளைவு, ‘ஔவையார்’ என்று எழுத வேண்டிய இடமெல்லாம் ‘ஒளவையார்’ என்று நிற்கின்றது. இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கோ முன்னவர் ஔவையார். பின்னவர் ஒகரமும் ளகரமும் கொண்ட, எவரும் கேள்விப்படாத வேறொரு மூதாட்டி. அவ்வாறு தட்டச்சிட்ட நூற்கோப்பில் ஔவையாரைத் தேடினால், அப்படி ஒருவர் இல்லை எனக் கணினி கைவிரிக்கும். அகரவரிசை அமைத்தால் அவர் ஒகர வரிசையில் போய் அமர்ந்துவிடுவார். ‘கௌரவம்’ என்பதும் ‘மௌனம்’ என்பதும் இவ்வாறே ளகரத்தை விழுங்கிக்கொண்டு நிற்கும்.

பார்வையற்ற அன்பர்கள் பலர் இன்று கணினியை வாசிக்கச் செய்து நூல்களைக் கேட்கின்றனர். எழுதியவர் கண்ணால் சரிபார்த்து மனநிறைவு கொண்ட ‘ஒளவையார்’ அவர்கள் செவியில் ‘ஒ-ள-வையார்’ என்றே விழும். வடிவம் ஒத்திருந்தால் போதும் என்னும் எண்ணம் யாரைத் தண்டிக்கின்றது என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஓலையும் கோப்பும்

இத்தகைய குழப்பம் தமிழுக்குப் புதியதன்று. ஓலையில் எழுதியோர் மெய்க்குப் புள்ளியிடாது விடுவது பெருவழக்கு. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே கோலத்தில் இருந்தன. ‘பெறு’ என்பதா, ‘பேறு’ என்பதா என்பதைப் பொருளறிந்தவரே துணிய வேண்டும். கொம்பை இரட்டைச் சுழியாக்கி ஏகார ஓகாரங்களைப் பிரித்துக் காட்டிய சீர்திருத்தம், 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரோடு சேர்த்துப் பேசப்படுவது. 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளையும், 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும், செல்லரித்த ஏடுகளோடு மட்டும் போராடவில்லை. ஏடெழுதியவர் விட்ட புள்ளிகளோடும் போராடினர்.

ஓலையை அரித்தது செல். கோப்பைச் செல் அரிப்பதில்லை. அது முழுமையாகவே இருக்கும். ஒரு புள்ளியும் குறையாது. ஆனால் படிக்க இயலாது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் டி.டி.பி. மையங்களில் தட்டச்சாகி நெகிழ்வட்டிலும் குறுந்தகட்டிலும் உறங்கும் கவிதைத் தொகுதிகள் எத்துணையோ! அவற்றின் எழுத்துருப் பெயரை அறிந்தவர் அந்தத் தட்டச்சர் ஒருவரே. அவர் தொழிலை விட்டுவிட்டால், கோப்பு கையில் இருந்தும் திறவுகோல் இல்லாத பேழையாகிவிடும். அச்சான படிகளும் தீர்ந்துபோன சிறுதொகுதியின் கவிஞருக்கு இது வேடிக்கையன்று. அவர் வாழ்நாள் உழைப்பின் இருப்பும் இன்மையும் ஆகும்.

பேழையைத் திறக்க இயலும் என்பதற்கும் சான்று உண்டு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று கு. கல்யாணசுந்தரம் முதலியோர் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவாக்கி வருவது. தொடக்கத்தில் பழைய எழுத்துருக்கள், பின்னர் டிஸ்கி, அதன்பின் ஒருங்குறி என அது வீடு மாற்றிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ சிலர் பொறுமையோடு சுமை தூக்கியதாலேயே நூல்கள் இன்று படிக்கக் கிடைக்கின்றன.

படித்ததில் பிடித்தது

எழுத்து பிழைத்தாலும் எழுதியவர் பிழைப்பாரா என்பது அடுத்த கேள்வி. வெட்டி ஒட்டும் வசதியை 1970களில் உருவாக்கியோருள் ஒருவர் லாரி டெஸ்லர். அவர் 2020இல் மறைந்தபோது எழுதப்பட்ட இரங்கற் செய்திகளும் வெட்டி ஒட்டப்பட்டே பரவியிருக்கும். அவ்வசதி கவிதையைப் பரப்புகின்றது, கவிஞரை வெட்டிவிடுகின்றது. பெயர் கடைசி வரியில் இருப்பதால் கத்தி முதலில் படுவது அதன் மீதே. பெயர் தெரியாத சங்கப் புலவர்க்கு அவர்தம் பாட்டின் தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்பன அவ்வாறு அமைந்த அழகிய பெயர்கள். இன்றைய வாட்சப் உலகம் பெயரிழந்த கவிஞர் அனைவர்க்கும் ஒரே பெயர் சூட்டியுள்ளது: ‘படித்ததில் பிடித்தது’. சங்கப் புலவர்க்குக் கிடைத்த மரியாதையில் பாதிகூட அதில் இல்லை.

கைப்பேசி அடுத்த சொல்லைத் தானே எடுத்துக் கொடுப்பதையும் கவிஞர்கள் கண்டிருப்பர். ‘நிலா’ என்று தொடங்கினால் உடன் வரக்கூடிய சொற்களை அது வரிசையாக நீட்டும். இதனைச் சினந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஊதியம் கேட்காத திறனாய்வாளராகக் கொள்ளலாம். பலர் பலமுறை எழுதிய சொல்லையே அது நீட்டுகின்றது. கவிஞர் எழுத நினைத்த சொல்லை அது முன்னரே சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை மாற்றிவிடுவது கவிதைக்கு நலம்.

செய்யத்தக்கவை

நிறைவாக, சில செயல்கள் உடனே செய்யத்தக்கன. பழைய எழுத்துருக்களில் உள்ள கவிதைக் கோப்புகளை, எழுத்துருவை அறிந்தோர் இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றியபின் அச்சு நூலோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தல் வேண்டும். கருவி புள்ளியை விழுங்கியிருக்கக் கூடும். ஔகாரம் ஔகாரமாகவே உள்ளதா எனத் தேடிப் பார்த்தல் வேண்டும். கவிஞர் பெயரையும் ஆண்டையும் கவிதையின் தலையிலும் இடுதல் நன்று. கத்தி வாலில் பட்டாலும் தலை தப்பும். ஒரு படி கணினியில், ஒரு படி வேறொருவர் கணினியில், ஒரு படி தாளில் என மூன்றாக வைத்தல் வேண்டும்.

இலக்கிய வட்டங்கள் கவியரங்கம் நடத்துவதைப் போலவே ஆண்டுக்கு ஒரு நாள் கோப்பரங்கமும் நடத்தலாம். அன்று எவரும் கவிதை படிக்க வேண்டா. ஒவ்வொருவரும் தம் பழைய தகடுகளைக் கொண்டுவந்து, கணினி அறிந்த இளையோர் அருகில் அமர்ந்து, திறந்து பார்த்தால் போதும். கைதட்டல் குறைவாகவே இருக்கும். எனினும் சில கவிதைகள் வீடு திரும்பும். பத்தாண்டு கண்ட வட்டம் இப்பணியை முதலில் தொடங்குமாயின், இருபதாம் ஆண்டு மலருக்குக் கவிதை தேடுவோர் அவற்றைத் தேடி எடுக்க முடியும்; படிக்கவும் முடியும்.