வெறும் ஆவிதானே?



ஆனி மாதம் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா தொடங்கிவிட்டால், குறிகட்டுவான் இறங்குதுறையில் கனடாப் பிள்ளைகளும் லண்டன் பிள்ளைகளும் நிறைந்துவிடுவார்கள். படகுக்கு நிற்கிற நேரத்தில் ஒருவர் பேனை அளவில் ‘வேப்’ என்கிற இலத்திரனியல் சிகரெட் ஒன்றை எடுத்து உறிஞ்சுவார். மாம்பழ வாசம். பக்கத்தில் நிற்கிற ஊர்ப் பெடியனுக்கும் ஒரு இழுவை. பெரியவர் யாராவது முறைத்தால் பதில் ஆயத்தம்: “இது சிகரெட் இல்லை அப்பு, வெறும் ஆவிதான்.”

தீவகத்தாருக்குப் புகையிலை புதிதில்லை. வேலணை, புங்குடுதீவுத் தோட்டங்களில் விளைந்ததைப் பொச்சுப் புகையில் பதமாக்கி, வாசமும் இனிப்பும் சேர்ந்த கோடா போட்டுச் சுருட்டாக்கித் தெற்கே விற்றவர்கள் நாங்கள். நஞ்சுக்கு வாசம் கட்டுகிற வித்தையை வேப் கொம்பனிக்காரர் எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் சுருட்டுக்காரரின் இருமல் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும். வேப் அப்படிக் காட்டிக்கொடுக்காது.

வேப்பின் குப்பிக்குள் இருப்பது தண்ணீர் அல்ல. புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், வாசனைப் பொருட்கள், பெரும்பாலும் நிக்கொட்டின். கம்பிச் சுருள் சூடேறும்போது இவற்றில் ஒரு பகுதி சிதைந்து போமல்டிகைட், அக்ரோலின் என்று மாறுகிறது. போமல்டிகைட் வேறொன்றுமில்லை, பிரேதம் பழுதாகாமல் ஏற்றுகிற போமலின் மருந்தில் இருப்பதுதான்.

இந்த ஆவி போய்ச் சேருகிற நுரையீரலின் சிற்றறைகளில் தின்குழியங்கள் என்ற கலங்கள் இருக்கின்றன. மூச்சோடு வருகிற தூசியையும் கிருமியையும் விழுங்கி அழிப்பது அவற்றின் வேலை. காசநோய்க் கிருமியை முதலில் மறிப்பவையும் இவைதான். 2018இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டேவிட் திக்கெற்றின் குழுவினர், புகைபிடிக்காத 8 பேரின் நுரையீரலிலிருந்து இந்தக் கலங்களைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு பங்கில் வேப் திரவத்தை அப்படியே சேர்த்தார்கள். இன்னொரு பங்கில், அதே திரவத்தை ஆவியாக்கி ஒடுக்கிச் சேர்த்தார்கள். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஆவியாகி வந்ததுதான் கூடுதலான கலங்களைக் கொன்றிருந்தது. தப்பியவற்றுக்கும் பக்டீரியாவை விழுங்கும் வலு குறைந்திருந்தது. நிக்கொட்டின் இல்லாத ஆவியும் இதைச் செய்தது. நிக்கொட்டின் இருந்தபோது கேடு இன்னும் கூடியது.

இது ஆய்வுகூடத்தில் ஒரு நாள் பார்த்தது. சிகரெட்டைவிட இதில் புற்றுநோய்ப் பொருட்கள் குறைவு என்பதைத் திக்கெற்றும் மறுக்கவில்லை. 20, 30 வருடம் இழுத்தால் நுரையீரல் என்னவாகும் என்பதே அவருடைய கவலை. நாற்பது வருடம் சிகரெட் பிடித்த ஒருவருக்கு அந்த ஒப்பீடு உதவலாம். ஒன்றையும் தொடாத நெடுந்தீவுப் பெடியனுக்கு எதற்கு? அவன் இதுவரை இழுத்தது கடற்காற்றை.

புகையிலை சேர்ந்த இலத்திரனியல் சிகரெட்டுகளை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் இலங்கை 2016இலேயே தடைசெய்துவிட்டது. ஆனாலும் சொக்கிலேற்றோடு சொக்கிலேற்றாகப் பயணப்பெட்டியில் வேப் வந்து இறங்குகிறது. பழகிவிட்டு விடமுடியாமல் நிற்கிறவர்கள் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம்.