உப்பிலிருந்து மின்கலம்: பயன் யாருக்கு?

(மும்பை தாராவியில் கட்சித் தோழர்களுக்கான அறிவியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

கைப்பேசி முதல் இந்நகரின் மின்பேருந்து வரை இன்று லித்தியம் அயனி மின்கலத்தால் இயங்குகின்றன. அதற்கு மாற்றாகச் சோடியம் அயனி மின்கலம் வந்துகொண்டிருக்கிறது. சோடியம் உப்பிலேயே இருக்கிறது. ஆகவே மின்சேமிப்பு எல்லோருக்கும் மலிவாகிவிடும் என்று முதலாளித்துவ ஏடுகள் எழுதுகின்றன. இதில் அறிவியல் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று நாம் பிரித்தறிய வேண்டியுள்ளது.

மின்கலத்தில் இரண்டு மின்முனைகள் உள்ளன. மின்னேற்றும்போது அயனிகள் நேர்மின்முனையிலிருந்து புறப்பட்டு எதிர்மின்முனைக்குள் சென்று தங்குகின்றன. மின்சாரத்தைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. எத்தனை அயனிகளுக்கு இடம் உண்டு, எத்தனை முறை சிதையாமல் அவை போய்வர முடியும் என்பதை மின்முனைப் பொருளே தீர்மானிக்கிறது. விலையும் பாதுகாப்பும் பெரிதும் அதைச் சார்ந்தவையே.

1980இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடை நேர்மின்முனையாக்கிக் காட்டினர். 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் மண் தோண்டுகிறார்கள். கோபால்ட்டுக்குப் பதில் இரும்பைப் பயன்படுத்த வழி தேடியவர்களில் ஒருவர், தமிழ்நாட்டின் அமராபுரம் சிற்றூரில் பிறந்து மதுரையில் பயின்ற ஆறுமுகம் மந்திரம். இரும்புச் சேர்மத்தில் சல்பேட் போன்ற தொகுதிகள் இருந்தால் மின்னழுத்தம் உயரும் என்று 1980களின் பிற்பகுதியில் குடினஃபுடன் இணைந்து அவர் காட்டினார். 1997இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. 2019இல் நோபல் பரிசு பெற்ற குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவரும் மந்திரமே.

சோடியத்துக்கு வருவோம். லித்தியத்தின் அணு எடை 7, சோடியத்தின் அணு எடை 23. அயனியின் அளவும் பெரிது. லித்தியத்துக்கு இடம் தரும் கிராஃபைட், சோடியத்தை எளிதில் ஏற்பதில்லை. எனவே ஒழுங்கற்ற அமைப்புள்ள கடினக் கார்பன் எதிர்மின்முனையாகிறது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் அதைத் தயாரிக்க முடியும். நேர்மின்முனைக்கு இரும்பும் மாங்கனீசும் உதவுகின்றன. ஆனால் ஒரே எடையில் சேமிக்கப்படும் ஆற்றல் பொதுவாக லித்தியத்தைவிடக் குறைவு. ஆகவே நெடுந்தூரம் ஓடும் காரைவிட, சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையங்களுக்கும் சிறு வாகனங்களுக்குமே அது முதலில் பொருந்தும்.

தொழிலாளர் கண்ணோட்டத்தில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, நேர்மின்முனைப் பொருளைத் தகட்டில் பூசுவதற்கு என்.எம்.பி. என்னும் கரைப்பான் பரவலாகப் பயன்படுகிறது. அது கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய நச்சு. அதற்குப் பதில் தண்ணீரைப் பயன்படுத்தலாம். ஆனால் சோடியம் ஆக்ஸைடுகள் பல, ஈரம் பட்டாலே கெட்டுவிடும். நம் பவாய் ஐ.ஐ.டி.யில் அமர்த்தியா முகோபாத்யாய் குழுவினர், தண்ணீரைத் தாங்கும் சோடியம் ஆக்ஸைடுகளை உருவாக்கும் ஆய்வில் ஈடுபட்டு வருகின்றனர். செம்பூரிலும் மாகுலிலும் வாழும் தோழர்களுக்கு வேதித் தொழிலின் காற்று எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. இந்த ஆய்வின் அருமையை அவர்கள் உடனே உணர்வார்கள்.

இரண்டாவது, லித்தியம் மின்கலத்தின் எதிர்மின்முனைக்குச் செம்புத் தகடு தேவை. அதை முற்றிலும் வடித்தால் செம்பு கரைந்து கலம் கெடும். அதனால் மின்னேற்றம் மிஞ்சிய நிலையிலேயே அது கைமாறுகிறது, நசுங்கினால் தீப்பிடிக்கிறது. சோடியத்துக்கு இருபுறமும் அலுமினியத் தகடே போதும். மின்னழுத்தத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து ஏற்றியனுப்பலாம். எரியக்கூடிய மின்பகுளி அதிலும் உண்டு என்பதால் ஆபத்து அறவே நீங்காது, ஆனால் குறையும். குப்பையிலிருந்து பொருள்களைப் பிரித்தெடுக்கும் தாராவித் தொழிலாளியின் கைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

இனி, உடைமை பற்றிய கேள்வி. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மாதுங்காவின் வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் 1933இலிருந்து இயங்குகிறது. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு ஆய்வு மையத்தில் பிரேம்குமார் செங்குட்டுவன் குழுவினர், ஆறு நிமிடங்களில் 80 விழுக்காடு மின்னேறும் சோடியம் மின்கலத்தை 2025இல் அறிவித்தனர். இவை அனைத்தும் மக்கள் பணத்தில் வளர்ந்தவை. ஆனால் உற்பத்தி ஊக்கத்தொகையாக 2021இல் ஒன்றிய அரசு அறிவித்த 18,100 கோடி ரூபாய் யாருக்கு? ரிலையன்ஸ், ஓலா போன்ற நிறுவனங்களுக்கே அத்திட்டத்தின் ஒதுக்கீடு கிடைத்தது. அதே ரிலையன்ஸ், பிரிட்டனின் சோடியம் மின்கல நிறுவனமான ஃபாரடியனை 10 கோடி பவுண்டு மதிப்பில் வாங்குவதாக 2021 டிசம்பர் இறுதியில் அறிவித்தது. காப்புரிமையும் அதனுடன் சேர்ந்தே கைமாறுகிறது.

தனியார் மூலதனம் இத்துறையை வளர்த்துவிடும் என்று நம்பவும் இயலாது. 2022இல் உச்சத்துக்கு ஏறிய லித்தியத்தின் விலை அடுத்த ஆண்டே சரிந்தது. சோடியத்தின் விலை அனுகூலம் சுருங்கியது. அமெரிக்காவின் நேட்ரான் நிறுவனம் 2025 செப்டம்பரில் கதவை மூடியது. பொருள் கெட்டதால் அல்ல, இலாபம் கெட்டதால்தான் மூலதனம் விலகுகிறது.

தோழர்களே, ஏராளமாக இருப்பதாலேயே ஒரு பொருள் மக்களுக்குக் கிடைத்துவிடாது. கடல் முழுதும் உப்பு இருந்தபோதுதான், 1930இல் வேதாரண்யத்திலும் இந்த வடாலாவிலும் அதற்காக மக்கள் தடியடி பட்டார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பொது ஆய்வகங்களின் கண்டுபிடிப்புகள் முதலில் பொதுத்துறை உற்பத்திக்குச் செல்ல வேண்டும். ஊக்கத்தொகை பெறும் ஆலைகளில் நிரந்தர வேலையும் நச்சுக் கரைப்பானிலிருந்து பாதுகாப்பும் நிபந்தனையாக வேண்டும். மின்கலக் கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று 2022ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அந்தப் பொறுப்பில் கழிவைப் பிரிக்கும் தொழிலாளரின் ஊதியமும் பாதுகாப்பும் அடங்க வேண்டும். இம்மூன்றையும் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் குடியிருப்புகளிலும் எடுத்துச் சொல்வது நம் உடனடிப் பணியாகும்.