புழு குளவியாகுமா?

(இராயபுரம் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கும் உங்களிடம் இன்று நாம் பேசப்போவது மோட்சத்தைப் பற்றியல்ல, குளவியைப் பற்றியே.

உங்கள் வீட்டு ஜன்னல் மூலையில் மண்குளவி சிறு பானைபோல் கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் புழுக்களைத் தூக்கிவந்து உள்ளே அடைத்து, வாயை மண்ணால் பூசிவிடுகிறது. சில வாரம் கழித்து உள்ளிருந்து ஒரு குளவி வெளிவருகிறது. இதைக் கண்டுதான், குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும், அதுபோல் குருவையே நினைத்திருக்கும் சீடனும் குருவாவான் என்பதாக வேதாந்திகள் காலங்காலமாய்ச் சொல்லி வருகிறார்கள்.

புழு உள்ளே போனதும் மெய். குளவி வந்ததும் மெய். நடுவில் நடந்ததைப் பார்த்தவர் எத்தனை பேர்? நாம் ஒரு கூட்டை உடைத்துப் பார்த்தோம். உள்ளே மெல்லிய நூலில் குளவியின் முட்டை தொங்கிற்று. கொட்டுப்பட்ட புழுக்கள் சாகவுமில்லை; தப்பியோடவும் சக்தியில்லை. முட்டையிலிருந்து வருவதும் ஒரு புழுதான். ஆனால் அது குளவியின் பிள்ளை. அடைத்து வைத்த புழுக்களைத் தின்று அதுவே குளவியாகிறது. ஆகவே பச்சைப் புழு குளவியாகவில்லை, குளவிக்கு இரையாயிற்று! குருவுக்கும் சீடனுக்கும் இந்த உவமானம் எவ்வளவு பொருத்தம் என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

கூடு கட்டாமல், பிற பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் குளவிகளும் உண்டு. கம்பளிப்புழுவை உயிரோடு உள்ளிருந்து தின்னவென்றே இவற்றைக் கருணையுள்ள கடவுள் படைத்திருப்பார் என்பதைத் தம்மால் நம்ப முடியவில்லையென்று டார்வின் 1860-ல் ஒரு நண்பருக்கு எழுதினார்.

இதையெல்லாம் அறிவதால் என்ன லாபம் என்பீர்கள். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி நம் நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் பாழாயின. மேலே மெழுகுப் பூச்சு இருந்ததால் மருந்துக்கும் அது எளிதில் அடங்கவில்லை. 2010-ல் பெங்களூர் பூச்சி ஆராய்ச்சி நிலையத்தார் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தார்கள். அவற்றில் ‘அசெரோஃபேகஸ் பப்பாயே’ என்பது ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லை. அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிட, அதன் பிள்ளை உள்ளே தின்று தீர்த்து, வெறுந்தோலில் வட்டமாய் ஓட்டை போட்டு வெளிவருகிறது. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அதைப் பரப்பினார்கள், மாவுப்பூச்சி அடங்கிற்று.

இது எந்த மந்திரத்தால் நடந்தது? புழு குளவியாகும் என்று நம்பியிருந்தவரால் இது ஆகியிருக்குமா? ஆகவே தோழர்களே, இனி எவராவது அந்தக் கதையைச் சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். ஒரே கேள்வி கேளுங்கள்: ஐயா, கூட்டை உடைத்துப் பார்த்தீரா?