மூளைக்கும் விலை உண்டு



‘மனிபால்’ படத்தைப் பார்த்துவிட்டு, “பணமா பெரிது? மூளை இருந்தால் போதும்!” என்று கைதட்டியவர்கள் இந்த அரங்கில் பலர் இருப்பீர்கள். தட்டலாம், தப்பில்லை. படம் சொல்லும் நிஜக் கதை இதுதான்: 2002இல் ஓக்லண்ட் பேஸ்பால் அணியின் சம்பளச் செலவு ஏறக்குறைய 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸுக்கு அதைப்போல் மூன்று மடங்கு. முழங்கை நரம்பு பாதித்து, கேட்சர் வேலைக்கு ஆகாமல் போன ஸ்காட் ஹாட்டபெர்க்கை ஓக்லண்ட் மலிவாக எடுத்து, அதிகம் எறிய வேண்டியிராத முதல் பேஸில் நிறுத்தியது. செப்டம்பர் 4 அன்று கான்சாஸ் சிட்டியோடு ஆட்டம். 11-0 என்றிருந்த முன்னிலையைக் கோட்டைவிட்டு 11-11 என்று திணறியபோது, பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பியவர் அதே ஹாட்டபெர்க்தான். தொடர்ச்சியாக 20ஆவது வெற்றி! அந்தப் பருவத்தில் ஓக்லண்டும் யாங்கீஸும் வென்றவை தலா 103 ஆட்டங்கள்.

சரி, இல்லாதவன் கண்டுபிடித்த வித்தையை இருப்பவன் வேடிக்கை பார்த்துக்கொண்டா இருப்பான்? டாம்பா பே என்ற சிறிய அணியைத் தூக்கி நிறுத்திய நிர்வாகி ஆண்ட்ரூ ஃபிரீட்மனை 2014இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அழைத்துக்கொண்டது. 2020இல் டாட்ஜர்ஸ் பட்டம் வென்றது யாரைத் தோற்கடித்துத் தெரியுமா? அதே டாம்பா பேயை!

டாட்ஜர்ஸுக்கு இப்படி மூளையை விலைக்கு வாங்கும் பணம் உள்ளூர்த் தொலைக்காட்சியிலிருந்து வருகிறது. 2013இல் அவர்கள் போட்ட 25 ஆண்டு ஒப்பந்தம் 800 கோடி டாலருக்கும் மேல். தொலைக்காட்சி பார்க்கும் அத்தனை வீடுகளுக்குச் சிறிய ஊர் எங்கே போகும்? நட்சத்திர ஆட்டக்காரர் ஓத்தானிக்கு 70 கோடி டாலர் பேசியதும் இந்தத் தெம்பில்தான்.

சிறிய அணி முதலாளிகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். ஒவ்வோர் அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொது நிதியில் போட, 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஆனால், ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவாவது செலவிடு என்று அணிகளுக்குக் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. பங்கை வாங்கிக்கொண்டு, நல்ல ஆட்டக்காரரையும் தள்ளிவிட்டு, “எங்கள் ஊர் சின்னது” என்று அழும் முதலாளியை நான் நம்பமாட்டேன்.

அமெரிக்கக் கால்பந்தில் தேசியத் தொலைக்காட்சிப் பணம் 32 அணிகளுக்கும் சமம். அதனால்தான் லட்சம் பேர் வாழும் கிரீன் பே தலைநிமிர்ந்து ஆடுகிறது.

பேஸ்பால் முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குக் கெடு 2026 டிசம்பர் 1. ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கும் சண்டையில்தான் 1994இல் பட்டத்துக்கான உலகத் தொடரே நின்றுபோனது. மறுபடி வேலைநிறுத்தம், கதவடைப்பு என்று செய்தி வந்தால், “கோடியில் புரள்கிறவனுக்கு இன்னும் ஆசையா?” என்று ஆட்டக்காரரை ஏசிவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். உள்ளூர்த் தொலைக்காட்சிப் பணத்தை முழுதாகப் பங்கிட மறுப்பவர் யார் என்று முதலில் பாருங்கள்.